மூச்சைப் பிடித்தவரும் கயிற்றைப் பிடித்தவரும்

திமிங்கலம் எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று தெரிந்துகொள்ள மனிதன் முதலில் கையில் எடுத்த கருவி ஈட்டி. குத்திவிட்டு, ஈட்டியின் வாலில் கட்டிய கயிறு எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஓடி நின்றால் "ஆகா, இவ்வளவு ஆழம்" என்று குறித்துக்கொள்ளலாம். நிற்காமல் ஓடினால் கோடரியால் வெட்டிவிட்டு, "அது பாதாளத்துக்கே போய்விட்டது" என்று ஊரில் போய்ச் சொல்லலாம். ஆராயப்படுபவரின் சம்மதம் கேட்கும் வழக்கம் அப்போது வந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு கயிறு போய்த் தந்திக் கம்பி வந்தது. தந்திக் கம்பி போய் அழுத்தமானி, சமையலறைக் கடிகாரம், ரப்பர்க் கிண்ணம் என்று ஒவ்வொன்றாக வந்தன. மாறாத விஷயம் ஒன்றுதான். ஒவ்வொரு தலைமுறையும் தன் கருவி எட்டிய இடத்தையே திமிங்கலத்தின் எல்லை என்று அடித்துச் சொன்னது. அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் நீளமான கயிற்றோடு வந்து, முந்தைய தலைமுறையைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த கையோடு அதே தப்பைச் செய்தது.

இந்தக் கூத்தில் பாதி நடந்தது நடுக்கடல் தீவுகளில்தான். கலாபகோஸ், அசோர்ஸ், ஹவாய், கேனரி என்று வரிசையாகச் சொல்லலாம். காரணம் வேறொன்றுமில்லை, சோம்பேறித்தனம். சென்னையிலிருந்து படகைக் கிழக்கே விட்டால் பல கிலோமீட்டர் போன பிறகும் அடித்தரை நூறு மீட்டருக்குள்தான் இருக்கும். கண்டத் திட்டு அப்படி மெதுவாகத்தான் இறங்கும். நடுக்கடல் தீவுகளின் கதை வேறு. கடல்தரையில் வெடித்த எரிமலை பல்லாயிரம் அடி வளர்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிய இடங்கள் அவை. கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே ஆயிரம் மீட்டர் ஆழம் வந்துவிடும். ஆழ்கடல் விலங்கைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆராய்ச்சியாளருக்கும் வசதி. அவருக்கு முன்பே வந்துவிட்ட கொலைகாரருக்கும் வசதி.

ஆமைக் கறியும் மூச்சுக் கணக்கும்

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கலாபகோஸ் பக்கம் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் மொய்க்கத் தொடங்கின. இரை, ஸ்பெர்ம் திமிங்கலம். நம் செய்தித்தாள்களில் "அம்பர்கிரீஸ் கடத்தல், நால்வர் கைது" என்று அடிக்கடி வருமே, அந்த அம்பர்கிரீஸைத் தரும் அதே திமிங்கலம்தான். அன்றைக்கு அதைவிடப் பெரிய சரக்கு அதன் தலைக்குள் இருந்தது. டன் கணக்கில் மெழுகெண்ணெய். லண்டன், பாஸ்டன் பெரிய மனிதர்களின் வீட்டு மெழுகுவத்திகள் புகையில்லாமல் எரிந்தது அதனால்தான்.

வேட்டைக்காரர்களுக்கு அந்தத் தீவுகள் கறிக்கடையாகவும் தபால் நிலையமாகவும் இருந்தன. ராட்சத ஆமைகளைத் தூக்கி வந்து கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிவிடுவார்கள். தீனி, தண்ணீர் இல்லாமலே அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஃபுளோரியானா தீவில் ஒரு பீப்பாயை நட்டு அதில் கடிதங்களைப் போட்டுவைப்பார்கள். ஊர் திரும்பும் கப்பல் எதுவோ, அது எடுத்துக்கொண்டு போகும்.

1820இல் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த எசெக்ஸ் என்ற வேட்டைக் கப்பல் அங்கே வந்து ஆமை பிடித்தது. மாலுமி ஒருவன் விளையாட்டாகப் புதருக்குத் தீ வைக்க, தீவே பற்றி எரிந்தது. அடுத்த மாதம், நவம்பர் 20ஆம் தேதி, பசிபிக் நடுவே ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் அந்தக் கப்பலை முட்டி மூழ்கடித்தது. படகுகளில் தப்பியவர்கள், நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்களோ என்று பயந்து மேற்கே இருந்த தீவுகளைத் தவிர்த்துவிட்டு, தென் அமெரிக்காவை நோக்கிப் போனார்கள். போகிற வழியில் பசி தாங்காமல் ஒருவரை ஒருவர் தின்றார்கள். இருபது பேரில் எட்டுப் பேர் பிழைத்தார்கள். ஆமை, திமிங்கலம், தீவு என்று முப்படைகளோடும் ஒரே பயணத்தில் பகைத்துக்கொண்ட கப்பல் அதற்கு முன்னும் பின்னும் இருந்திருக்காது.

இவர்கள் வெறும் முரடர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. அளவெடுக்கத் தெரிந்தவர்கள். வேட்டைக் கப்பல்களில் வைத்தியராகப் போன தாமஸ் பீல் என்ற ஆங்கிலேயர் 1839இல் ஸ்பெர்ம் திமிங்கலத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பெரிய ஆண் திமிங்கலம் மேலே வந்தால் பத்துப் பதினோரு நிமிடம் மிதக்கும், அதற்குள் அறுபது எழுபது முறை மூச்சு விடும், பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காணாமல் போகும் என்று எழுதினார். கப்பல்காரர்களிடம் இதற்கு வாய்ப்பாடே இருந்தது. மேலே எத்தனை மூச்சோ, கீழே அத்தனை நிமிடம். மூச்சை எண்ணிவிட்டால் அடுத்து அது எப்போது எழும்பும் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அங்கே ஈட்டியோடு போய் நிற்கலாம். இன்றைய கருவிகள் சொல்லும் நேரத்திலிருந்து இது அதிக தூரம் விலகவில்லை. வாழ்க்கை வரலாற்றாசிரியர் கொலைகாரராகவும் இருந்தால் தகவல் துல்லியமாகத்தான் இருக்கும்.

நேரத்தில் ஜெயித்தவர்கள் ஆழத்தில் தோற்றார்கள். ஈட்டி பட்டதும் திமிங்கலம் தலைகீழாக இறங்கும். தொட்டியில் சுருட்டிவைத்த வடம், பின்னால் நட்ட கட்டையைச் சுற்றி, துடுப்புப் போடுகிறவர்களின் முழங்கைகளுக்கு நடுவே படகின் நீளத்துக்கும் ஓடி, முகப்பு வழியாக விழும். உரசலில் கட்டையிலிருந்து புகை வரும். ஒருவன் தொப்பியால் கடல்நீரை மொண்டு கட்டைமேல் ஊற்றிக்கொண்டே இருப்பான். சுருளில் யார் காலாவது மாட்டினால் அவரும் கூடவே ஆராய்ச்சிக்குப் போவார். ஒரு தொட்டி தீர்ந்தால் அடுத்த படகின் வடத்தை முடிந்து விடுவார்கள். கடைசியில், "இத்தனை பாகம் கயிறு போச்சு, இத்தனை பாகம் ஆழம்" என்று கணக்கு எழுதுவார்கள். திமிங்கலம் நேர்க்கோட்டில்தான் இறங்கியது என்று யார் சொன்னது? சாய்வாகவும் போகும், வளைந்தும் போகும். போதாக்குறைக்கு, முதுகில் இரும்போடு ஓடுகிற பிராணியின் ஓட்டத்தை அளந்துவிட்டு அதன் தினசரிப் பழக்கம் இதுதான் என்று எழுதினார்கள். போலீஸ் துரத்தும்போது ஒருவன் ஓடியதைப் பார்த்து, "தினமும் காலையில் ஓடுகிற நல்ல பழக்கம் உள்ளவர்" என்று சான்றிதழ் கொடுத்தது மாதிரி.

பாரிஸில் ஒரு சண்டை

கடலில் இவர்கள் கயிறு விட்டுக்கொண்டிருந்தபோது, பாரிஸில் இரண்டு பேராசிரியர்கள் கடலுக்கே போகாமல் வேலையை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

1817இல் ஆன்றி த பிளேன்வில் கைக்கு ஒரு தாடைத் துண்டு வந்தது. துண்டு என்றால் துண்டுதான், முழு மண்டை ஓடுகூட இல்லை. அசாத்தியமான கனம். அந்தக் கனத்தை வைத்தே புது இனம் என்று பெயர் சூட்டிவிட்டார். அவருக்கு மூத்தவரான ஜோர்ஜ் கூவியே, உலகின் எலும்புகளுக்கெல்லாம் தானே அதிகாரி என்ற நினைப்பில் இருந்தவர். அதில் பெரும்பகுதி உண்மையும்கூட. பிரான்ஸின் மத்தியதரைக் கடற்கரையில் 1804இல் கிடைத்த ஒரு மண்டை ஓட்டை அவர் ஆராய்ந்தார். கல்லாகிப்போன எலும்பு, இந்த உலகில் இப்போது இல்லாத பிராணி என்று 1823இல் தீர்ப்பெழுதினார்.

அது அழிந்துபோகவில்லை ஐயா, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போயிருந்தது. நீங்கள்தான் அது மேலே வரும்வரை காத்திருக்கவில்லை.

கூவியேயிடம் பயின்று வளர்ந்த பிளேன்வில் பிற்பாடு அவரோடு முட்டிக்கொண்டு எதிர்முகாமுக்குப் போனார். 1832இல் கூவியே இறந்ததும் அவர் உட்கார்ந்திருந்த ஒப்பீட்டு உடற்கூறியல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் கூவியே அலகுத் திமிங்கலமும் பிளேன்வில் அலகுத் திமிங்கலமும் கேனரித் தீவுகளில் எல் இயேரோவின் ஒரே விரிகுடாவில் வருடம் முழுக்க முங்கி எழுந்துகொண்டிருக்கின்றன. பாரிஸ் கல்லூரித் தாழ்வாரத்தில் ஒத்துப்போகாத இரண்டு பெயர்கள் அங்கே ஒத்துப்போகின்றன. உலகத்திலேயே மிக ஆழமாக முங்கும் பாலூட்டி எது என்ற கேள்விக்கு இன்றைய விடை, கூவியே செத்துப்போனதாகச் சொன்ன அதே பிராணிதான். அந்த விடைக்குப் போக இன்னும் ஒன்றே முக்கால் நூற்றாண்டு இருக்கிறது.

தந்தி கோளாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கடலடியில் தந்திக் கம்பி போடத் தொடங்கினார்கள். கம்பி அறுந்தால் பழுது பார்க்கும் கப்பல் போகும். கொக்கி போட்டுத் துழாவிக் கம்பியை மேலே இழுக்கும். சில சமயம் கம்பியோடு ஒரு ஸ்பெர்ம் திமிங்கலமும் வந்தது. கீழ்த்தாடையில் கம்பி சுற்றி, சிக்கி, செத்துப்போன திமிங்கலம். பங்குச்சந்தை நிலவரம் போக வேண்டிய வழியில் அது படுத்திருந்தது.

கம்பெனிக்காரர்கள் இதைக் கோளாறுப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கம்பியை ஒட்டுப்போட்டுக்கொண்டு போனார்கள். கடல்தரைக்கு வரைபடம் போட்டதில் பேர்பெற்ற புரூஸ் ஹீசன், 1957இல் இந்தப் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து 14 சம்பவங்களை வரிசையாக வைத்தார். அவற்றில் மிக ஆழமானது 1,100 மீட்டருக்கும் கீழே. மிதந்துகொண்டிருக்கும்போது கம்பி வந்து மாட்டியது என்று யாரும் வாதாட முடியாது. கம்பி கிடந்த ஆழம் கம்பெனிக்கே தெரியும். அடித்தரையில் தாடையைத் திறந்துகொண்டு இரை தேடியபோது சிக்கியிருக்கலாம் என்பது ஹீசனின் ஊகம். ஸ்பெர்ம் திமிங்கலம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போகும் என்பதற்கு மறுக்கவே முடியாத முதல் சாட்சியம் இப்படித்தான் கிடைத்தது. தேடியவர் கண்டடையவில்லை. தந்தி நின்றுபோன எரிச்சலில் போனவர் கண்டடைந்தார்.

உடலியல் மேதை பெர் ஷோலாண்டருக்கு அவ்வளவு காத்திருக்கப் பொறுமை இல்லை. சீலையும் பறவைகளையும் தண்ணீருக்குள் பிடித்துவைத்து ரத்தத்தை ஆராய்ந்தவர் அவர். 1940இல் வெளியிட்ட தன் பெரிய ஆய்வில், முங்கும்போது இதயத்துடிப்பு எப்படிக் குறைகிறது, ரத்தம் எப்படித் தசைகளை விட்டுவிட்டு மூளைக்கும் இதயத்துக்கும் போகிறது, ஆழத்தில் நுரையீரல் எப்படிச் சுருங்கி நைட்ரஜன் ரத்தத்தில் கலக்காமல் தடுக்கிறது என்றெல்லாம் எடுத்துச் சொன்னார். இன்றைக்கும் பாடப்புத்தகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. திமிங்கலத்தின் ஆழத்தை அளக்க மட்டும் பழைய பாதைக்கே திரும்பினார். வேட்டைக் கப்பலின் ஈட்டியில் அழுத்தமானியைக் கட்டி ஃபின் திமிங்கலத்தின்மேல் எறியச் செய்தார். 350 மீட்டருக்குச் சற்று மேல் என்று பதில் வந்தது. நூறு வருடத்தில் என்ன முன்னேற்றம் என்று கேட்டால், ஈட்டி அப்படியே இருந்தது, கயிற்றின் இடத்தில் மீட்டர் வந்திருந்தது.

மெழுகுத் தலை

அசோர்ஸ் தீவுகளில் அதே நேரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இன்னும் முடியவில்லை. அமெரிக்கக் கப்பல்களில் கூலிக்குப் போய்த் தொழில் கற்று வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் பிக்கோ, ஃபையால் தீவுகளில் கை ஈட்டியும் துடுப்புப் படகுமாக ஸ்பெர்ம் திமிங்கலம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குன்றின் உச்சியில் ஒரு சிறு குடில். சுவரில் கிடைமட்டமாக ஒரு நீள இடுக்கு. அதன் வழியாகத் தொலைநோக்கியில் ஒருவர் விடியற்காலையிலிருந்து கடலைப் பார்த்தபடி இருப்பார். ஊதல் தெரிந்ததும் வாணம் விடுவார். வெடிச் சத்தம் கேட்டால் வயலில் நிற்பவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓட வேண்டும்.

1949இல் ராபர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி வந்து இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனார். ஒரு திமிங்கலத்தின் வயிற்றுக்குள் பத்து மீட்டருக்கு மேல் நீளமும் சுமார் 180 கிலோ எடையும் உள்ள ராட்சதக் கணவாய் முழுசாகக் கிடந்த செய்தியை 1955இல் வெளியிட்டார். அவ்வளவு பெரிய கணவாய் எங்கே இருக்கிறதோ அங்கே திமிங்கலம் போய் வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்! கடலடியைப் பற்றிய மனித அறிவில் கணிசமான பங்கு இப்படித் திமிங்கல வயிறு வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

பிறகு இன்னொரு கிளார்க் வந்தார். மால்கம் கிளார்க். வேட்டைக் கப்பலில் ஆய்வாளராக வேலை பார்த்தவர். திமிங்கல வயிற்றிலிருந்து எடுத்த கணவாய் அலகுகளை ஆயிரக்கணக்கில் எண்ணி, இது எந்த இனம், எவ்வளவு பெரியது என்று சொல்லும் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1970இல் அழகான ஒரு கொள்கையைச் சொன்னார். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலையில் இருக்கும் மெழுகெண்ணெய் குளிர்ந்தால் உறைந்து அடர்த்தியாகும், சூடானால் இளகும். இறங்க வேண்டுமா? மூக்குக் குழாயில் குளிர்ந்த கடல்நீரை ஏற்றி மெழுகை உறையவைக்கும், தலை கனத்துத் தானே இறங்கிவிடும். ஏற வேண்டுமா? சூடான ரத்தத்தை ஓடவிட்டு இளக்கும், தானே மிதந்து வந்துவிடும். வாலை ஆட்டும் சிரமமே இல்லை.

கணக்கெல்லாம் சரியாக வந்தது. திமிங்கலம்தான் ஒத்துழைக்கவில்லை. பின்னாளில் முதுகில் கருவி ஒட்டிப் பார்த்தபோது, அது சாதாரணத் தொழிலாளி மாதிரி வாலை அடித்துக்கொண்டேதான் இறங்கியது. அந்த மெழுகுத் தலை ஒரு ஒலிபெருக்கி. உயிரினங்கள் எழுப்பும் ஒலிகளிலேயே மிக உரத்த சொடுக்கு அங்கிருந்துதான் புறப்படுகிறது. அதன் எதிரொலியில்தான் இருட்டில் கணவாய் பிடிபடுகிறது. கிளார்க் அதற்காக வாடிப்போய்விடவில்லை. பிக்கோ தீவிலேயே குடியேறி, ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கும் கணவாய்க்கும் ஒரு காட்சியகம் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டு 2013 வரை வாழ்ந்தார். தப்பான கொள்கைக்குச் சொந்தக்காரராக இருந்தும் இவ்வளவு நிம்மதியாக இருந்தவரைப் பார்த்து நம் பேராசிரியர்கள் சிலர் கற்றுக்கொள்ளலாம்.

அசோர்ஸ் வேட்டை 1980களில் முடிந்தது. கடைசித் திமிங்கலம் 1987இல் பிக்கோவில் கொல்லப்பட்டது. குன்றுக் குடில்கள் சும்மா கிடக்கவில்லை. அதே இடுக்கு வழியாகப் பார்த்து, இப்போது சுற்றுலாப் படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் வழி சொல்கிறார்கள். வாணச் செலவு மிச்சம்.

முட்டை வேகவைக்கும் கடிகாரம்

ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்தே எழுதும் கருவி வேண்டும் என்று 1960களில் யோசித்தவர் ஜெரால்ட் கூய்மன். இடம், அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ. அதுவும் ஒரு எரிமலைத் தீவின் ஓரம்தான். பிராணி, வெடல் சீல். கருவியின் இதயம், முட்டை வேகவைக்கும்போது அறுபது நிமிடம்வரை முடுக்கிவைக்கிற சமையலறைக் கடிகாரம். அது புகை படிந்த கண்ணாடி வட்டைச் சுழற்றும். தண்ணீரின் அழுத்தம் ஒரு முள்ளைத் தள்ளும். முள் கண்ணாடியில் கோடு கிழிக்கும். சீல் 600 மீட்டர் போய்விட்டு வந்தது. இன்றைய விலையுயர்ந்த கருவிகள் அனைத்துக்கும் பாட்டன் இந்த அடுக்களைச் சாமான்தான்.

சீலிடம் ஒரு நல்ல குணம் உண்டு. பனிக்கட்டியில் இருப்பது ஒரே ஓட்டை என்றால் மூச்சு விட அங்கேயேதான் திரும்பி வரும். கருவியைக் கழற்றிக்கொள்ளலாம். திமிங்கலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கருவியைக் கட்டிவிட்டால் அன்பளிப்பாக எடுத்துக்கொண்டு போய்விடும்.

எனவே எதையும் கட்டாமல் பார்க்கலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. செஷல்ஸ் முன்மொழிந்து 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 1982 முதல் 1984 வரை ஹால் வைட்ஹெட், ஜொனதன் கார்டன் முதலியோர் டியூலிப் என்ற சிறு பாய்மரப் படகில் இலங்கையைச் சுற்றி ஸ்பெர்ம் திமிங்கலங்களைப் பின்தொடர்ந்தார்கள். திருகோணமலை அதற்குத் தோதான இடம். இலங்கை எரிமலைத் தீவு இல்லைதான். ஆனால் திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று செங்குத்தாக இறங்குகிறது. கோணேசர் கோயில் பாறையில் நின்றே நீலத் திமிங்கலத்தைப் பார்த்தவர்கள் உண்டு.

வைட்ஹெட் குழு 1985இல் கலாபகோஸுக்குப் போனது. கடலுக்குள் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டுச் சொடுக்கொலியைக் கேட்டுக்கொண்டே இரவும் பகலும் பின்தொடர்வார்கள். திமிங்கலம் வாலைத் தூக்கி இறங்கிய கணத்தில் படகை அந்த இடத்துக்கு ஓட்டுவார்கள். அங்கே தண்ணீரில் எண்ணெய் தடவியது போன்ற ஒரு வழவழப்பான வட்டம் இருக்கும். அதில் உரிந்த தோல் மிதக்கும். சில சமயம் பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் பரவும். இறங்கும் முன் மலம் கழிப்பது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வழக்கம். கீழே ரத்த ஓட்டத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய நேரத்தில் குடல் வேலை செய்துகொண்டிருக்க முடியாது. முனைவர் பட்ட மாணவர்கள் வலையோடு பாய்ந்து அதை மொள்ளுவார்கள், கணவாய் அலகு இருக்கிறதா என்று பார்க்க. இதற்கிடையே, மீனவர்கள் வைத்திருக்கும் எக்கோ சவுண்டரைத் தலைக்கு நேர் மேலே பிடித்து, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்றும் குறித்தார்கள். சராசரியாக 400 மீட்டர், 40 நிமிடம் என்று 1989இல் வெளியிட்டார்கள். ஒரு திமிங்கலத்துக்கும் கீறல் விழவில்லை. மாணவர்களின் சட்டைக்கு நேர்ந்ததைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றும் இல்லை.

ரப்பர்க் கிண்ணம்

கடைசியில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது ரப்பர்க் கிண்ணம். அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு ஒட்டிக்கொள்ளுமே, அதே தத்துவம். உட்ஸ் ஹோல் ஆய்வு நிலையத்தில் மார்க் ஜான்சன் உருவாக்கிய கருவி இப்படி நான்கு கிண்ணங்களில் நின்றது. ஆழம், சாய்வு, வால் வீச்சு, கேட்ட ஒலி, எழுப்பிய ஒலி எல்லாவற்றையும் பதிவு செய்யும். சில மணி நேரம் கழித்துத் தானே கழன்று மிதந்து, "வந்து எடுத்துக்கொள்" என்று ரேடியோவில் கூப்பிடும்.

ஒட்டுவதுதான் வித்தை. அலகுத் திமிங்கலம் நெடுநேரம் கீழே இருந்துவிட்டுச் சில நிமிடம் மட்டுமே மேலே தலைகாட்டும். நாலைந்து மூச்சுக்குள் படகு சத்தமில்லாமல் நெருங்க வேண்டும். முகப்பில் நிற்பவர் கையில் பல மீட்டர் நீளக் கம்பு. கம்பு நுனியில் கருவி. முதுகு ஒரு நொடி தெரியும், அதற்குள் அமுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் தண்ணீரில் அடி, பிந்தினால் வாலில் அடி. எல் இயேரோவில் நடாச்சா அகிலார் த சோட்டோ முதலிய லா லகுனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்காகக் குன்றின்மேல் ஆள் உட்காரவைத்துத் தொலைநோக்கியால் பார்த்துப் படகுக்குச் சொல்லச் செய்தார்கள். அசோர்ஸ் குடில்காரருக்கு விஞ்ஞானத்தில் வேலை கிடைத்துவிட்டது.

வந்த பதில்கள் பாடப்புத்தகத்தைக் கிழித்தன. பிளேன்வில் திமிங்கலம் முதல் இருநூறு மீட்டருக்கு வாயே திறக்காது. மேலே திமிங்கலங்களையே வேட்டையாடும் ஓர்காக்கள் ஒட்டுக்கேட்கும் என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள். ஆழத்துக்குப் போன பிறகே சொடுக்கத் தொடங்கும். ஒரே முக்குளிப்பில் இருபது முப்பது முறை இரையைத் துரத்தும். ஹவாயில் ராபின் பேர்ட் குழு 2006இல், கூவியே, பிளேன்வில் இரண்டும் 1,400 மீட்டரைத் தாண்டுகின்றன என்று காட்டியது. டெனெரிஃபேயில் பைலட் திமிங்கலங்கள் பகலில் ஆயிரம் மீட்டர்வரை இறங்கி, அங்கே நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் இரையைத் துரத்துவது 2008இல் தெரியவந்தது. மூச்சைச் சேமிக்க மெல்லப் போக வேண்டும் என்ற விதியை யாரோ அவற்றுக்குச் சொல்ல மறந்திருக்கிறார்கள். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் கரையில் கூட்டமாக ஒதுங்கியது இதே இனம்தான்.

கூவியே திமிங்கலம் விடுவதாக இல்லை. 2006இல் மத்தியதரைக் கடலில் 1,888 மீட்டர், 85 நிமிடம். 2014இல் கலிஃபோர்னியா அருகே 2,992 மீட்டர், 137 நிமிடம். 2020இல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் 222 நிமிடம். அதாவது மூன்று மணி நேரம் நாற்பத்திரண்டு நிமிடம், இரண்டு இடைவேளையோடு ஓடும் பழைய தமிழ்ப்படம் முழுவதும். உடலில் இருக்கும் ஆக்சிஜனைக் கணக்குப் போட்டு, 33 நிமிடம் தாங்கும் என்று உடலியல்காரர்கள் எழுதிவைத்திருந்தார்கள். திமிங்கலம் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை.

இந்தப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 350, 1,100, 1,888, 2,992. இனங்கள் வேறு, கடல்கள் வேறு என்பது உண்மை. ஆனாலும் இது திமிங்கலங்களின் முன்னேற்ற அறிக்கை ஆகாது, அவை எப்போதும் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. இது நம் கயிறும் பேட்டரியும் வளர்ந்த கதை.

ஐம்பது கடல்மைல்

நம் கையில் இன்னொரு கருவியும் வளர்ந்துகொண்டிருந்தது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கடற்படை சோனார். 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சியின்போது அலகுத் திமிங்கலங்கள் உட்படப் பதினேழு பிராணிகள் கரை ஒதுங்கின. தன் சோனார்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று கடற்படை பிறகு ஒப்புக்கொண்டது. 2002 செப்டம்பரில் கேனரித் தீவுகளருகே நேட்டோ நாடுகளின் பயிற்சி. சோனார் தொடங்கி நாலு மணி நேரத்தில் ஃபுவர்ட்டவென்ட்டூரா, லான்சரோட்டே கரைகளில் அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கத் தொடங்கின. மொத்தம் பதினான்கு. லாஸ் பால்மாஸில் அறுத்துப் பார்த்த அன்டோனியோ பெர்னாண்டஸ் குழு, உறுப்புகளில் வாயுக் குமிழிகளையும் கொழுப்பு அடைப்புகளையும் கண்டது. அவசரமாக மேலே வரும் முக்குளிப்பு வீரருக்கு வருகிற நோயின் அடையாளங்கள். நுரையீரல் சுருங்குவதால் திமிங்கலத்துக்கு அந்த நோயே வராது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். சத்தத்தில் மிரண்டு முக்குளிப்பின் ஒழுங்கு கெட்டதில் குமிழிகள் உண்டாகியிருக்கலாம் என்று 2003இல் எழுதினார்கள்.

ஸ்பெயின் அரசு அதிசயமாக, ஆராய்ச்சிக் குழு அமைத்து அதற்கு ஒரு உபகுழு அமைக்கவில்லை. 2004இல் கேனரித் தீவுகளைச் சுற்றி ஐம்பது கடல்மைலுக்குள் கடற்படை சோனார் கூடாது என்று தடை போட்டது. அதற்குப் பின் அங்கே அப்படிக் கூட்டமாக ஒதுங்கும் சம்பவம் நடக்கவில்லை என்று 2013இல் அதே பெர்னாண்டஸ் குழு பதிவு செய்தது.

இருநூறு வருடத்தில் ஈட்டி, வடம், தந்திக் கம்பி, அழுத்தமானி, சமையலறைக் கடிகாரம், எக்கோ சவுண்டர், ரப்பர்க் கிண்ணம் எல்லாம் சேர்ந்து நமக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்தன. திமிங்கலத்துக்கு நேரடியாக உதவிய கண்டுபிடிப்பு என்று பார்த்தால், "அந்தப் பக்கம் போகாதே" என்ற ஒன்றுதான் தேறுகிறது. அதற்கும் செலவு ஒரு கையெழுத்து. இதையே கூவியே காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், ஆராய்ச்சிக்குத் தகுதியில்லாதவர் என்று துரத்தியிருப்பார்கள்.